நெற்றி சிவந்த நாமக்கோழி

"இந்தப் பறவை உனக்குத் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டபோது கோட்டான் தெரியும் என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அண்ணன் மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருப்பான். தலையாட்டியவளிடம் என்ன கேட்பது? காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

கோட்டான் என்பது அவள் பேர் இல்லை. மூலையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பட்டம் வைத்தது அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில் கோபத்தில் வைத்தது. பழகப் பழகக் கோபம் போனது, பட்டம் தங்கிவிட்டது. நீளமாக இருக்கிறதே என்று பாதியை வெட்டிவிட்டாள். வெட்டுவது அண்ணியின் வேலை. துணியானாலும் பேரானாலும் அவள் கத்தரிக்கு ஒன்றுதான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே நீள அறையில் அவர்கள் பட்டறை. ஒரு கோடியில் அண்ணி துணி வெட்டும் மேஜை. நடுவில் அண்ணனின் பன்னிரண்டு ஊசி எம்பிராய்டரி மெஷின். அதற்கு ஜுரம் வந்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மறு கோடியில், ஜன்னலை ஒட்டி, பொத்தான் தைக்கும் சின்ன மெஷின். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து அதுதான் கோட்டானின் இடம்.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வடிகால் ஓடியது. ஊர்த் தண்ணீரெல்லாம் அதில்தான் வரும். கரை முழுக்கக் கோரை மண்டிக் கிடந்தது. கோரைக்குள் ஒரு ஜோடிக் கறுப்புப் பறவை. நெற்றியும் அலகும் செக்கச் சிவப்பு, அலகு நுனி மட்டும் மஞ்சள். விலாவில் சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கும்போது அடியில் இரண்டு வெள்ளைத் தீற்றல் தெரியும். கால்கள் பச்சை, விரல்கள் குச்சி குச்சியாக நீளம். சேற்றில் நடந்தால் செருப்பு அளவு தப்பாக வாங்கியவன் நடப்பதுபோல் இருக்கும். வீட்டில் யாருக்கும் அதன் பேர் தெரியாது. "உன் கோழி" என்பார்கள்.

பொத்தானுக்கும் பொத்தானுக்கும் இடையில் கோட்டான் அந்தக் கோழியை வரைவாள். துணி வெட்ட அளவு எடுத்து மிஞ்சிய பட்டர் பேப்பரில் வரைந்து, கசக்கி, குப்பையில் போட்டுவிடுவாள். குப்பையைக் கொட்டப் போன அண்ணி ஒருநாள் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

அப்புறம்தான் நீச்சல் குழு வந்தது. ஊருக்கு வெளியே உள்ள நீர்த்தேக்கத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் பயிற்சியாளர், எல்லோருக்கும் சாம்பல் நிற ஜெர்க்கின் தைக்க வேண்டும், முதுகில் குழுவின் சின்னம் பெரிதாக வேண்டும் என்றார். குழுவின் பேர் நாமக்கோழிகள். பழைய கொடி ஒன்று இருந்ததாம், மழையில் நைந்துபோனதாம். அதன் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது வாத்து டிசைன் இருக்கும், போட்டுடலாம்" என்றான் அண்ணன்.

"வாத்தா! நீச்சல் குழுவுக்கு வாத்தா! சார், எங்க வீட்லயே ஆள் இருக்கு. பறவை வரைஞ்சா பறந்துடும், ஜன்னலைச் சாத்திட்டுத்தான் பார்க்கணும்" என்றாள் அண்ணி. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெரிதாகச் சொல்லத்தான் தெரியும்.

பயிற்சியாளர் போனதும் அண்ணன் தங்கையிடம் வந்தான். "இந்த ஒரு தடவை. சரியா வந்தா இனிமே டிசைன் எல்லாம் நீதான் வரையிற, பொத்தானுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன். சொதப்பினா அந்த மெஷினை விட்டு எழுந்திருக்கற பேச்சே வேண்டாம். இந்தப் பறவை உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள். சந்தோஷத்தில் ஆட்டினாள். தன் கோழிக்கு ஒரு பேர் இருக்கிறது! நாமக்கோழி. நெற்றியில் சிவப்பாக இழுத்திருக்கிறதே, அதுதான் நாமம். எவ்வளவு பொருத்தம்!

வரைய உட்கார்ந்ததும் ஜெராக்ஸில் இருந்த குறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நெற்றியும் அலகும் வெள்ளையாக இருந்தன. ஜெராக்ஸில் சிவப்பு எப்படி வரும் என்று சிவப்பாக்கினாள். விலாவில் கோட்டைக் காணோம். வரைந்தவர் மறந்திருப்பார் என்று போட்டாள். கால் விரல்கள் ஒவ்வொன்றும் இலை இலையாகத் தடித்துக் கிடந்தன. மை ஊறியிருக்கும் என்று மெல்லிய விரல்களாக இழுத்தாள். முதுகு கூன் விழுந்து வால் தண்ணீரில் தொங்கியது. பாவம், யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்திருக்கிறார்கள் என்று முதுகைத் தட்டையாக்கி வாலை நிமிர்த்தி, அடியில் இரண்டு வெள்ளைத் தீற்றலும் வைத்தாள். சரியாக இருந்ததில் ஒன்றைக்கூட விடாமல், பார்த்துப் பார்த்துத் திருத்தினாள்.

அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டினான். கறுப்பு முடிந்து சிவப்பு ஊசி இறங்கியபோது மூன்று பேரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். கோழி உயிரோடு வந்து உட்கார்ந்தது. அண்ணன் தன் டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றினான். அவனிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பயிற்சியாளர் ஜெர்க்கின்களை வாங்க வந்தபோது விரித்துப் பார்த்து ஒரு கணம் நின்றார். "அட, சிவப்பு! ஜோரா இருக்கும்மா!" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்கு அளவு பத்தவில்லை என்று செய்தி வந்தது. பெரிய அளவில் இரண்டு தைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோனாள் அண்ணி. பார்சலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கோட்டானையும் ஏற்றிக்கொண்டாள்.

கோட்டான் நீர்த்தேக்கத்தைப் பார்த்ததில்லை. கரை மேட்டில் ஏறியதும் முதலில் தண்ணீர் தெரிந்தது. பிறகு தண்ணீரின் மேல் கறுப்பு கறுப்பாக ஏதோ மிதப்பது தெரிந்தது. பறவைகள். நட்டநடுத் தண்ணீரில், வெட்டவெளியில், கூட்டம் கூட்டமாக. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு, சந்தைக்கடை மாதிரி. குண்டு உடம்பு, உருண்டை முதுகு, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் குட்டை வால். விலாவில் கோடு கிடையாது. நெற்றியும் அலகும் பளீரென்று வெள்ளை.

ஒன்று தலைகுப்புற முங்கியது. கொஞ்ச நேரம் காணோம். தக்கை மாதிரி மேலே வந்தபோது வாயில் ஒரு கற்றைப் பாசி. உடனே நாலு பக்கமிருந்தும் மற்றவை பிடுங்க வந்தன. ஒன்று கரையேறி வந்து புல்லைக் கொத்தியது. அதன் கால் விரல்களைக் கோட்டான் பார்த்தாள். இலை இலையாக மடல்.

மை ஊறவில்லை. யாரும் எதையும் மறக்கவில்லை. அவள் கைகளில் இருந்த பார்சல் திடீரென்று கனத்தது.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் ஜெர்க்கினை மாட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பிய முதுகில் எல்லாம் வடிகால் கோழி. அதில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்கதான் வரைஞ்சீங்களா? எங்க கோழிக்கு மட்டும் லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு விட்டிருக்கீங்களே, எதுக்கு?"

கோட்டான் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி இருக்கும்போது பதிலுக்குப் பஞ்சமா?

"அதுதான்மா டிசைன்! சிவப்பு வெற்றி நிறம். சும்மா வெள்ளையா விட்டா யார் திரும்பிப் பார்ப்பா?"

"வெற்றி நிறம்! டேய், கேட்டீங்களா, வெற்றி நிறமாம்!" என்று நெட்டை கத்திக்கொண்டே ஓடினாள்.

திரும்பும் வழியில் கோட்டான் அண்ணியின் தோளைத் தட்டினாள். "அண்ணி, வண்டியை நிறுத்துங்க." நிறுத்தியதும் சொன்னாள். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "அப்போ அது வேற கோழியா?"

"வேற கோழி."

"அடிப்பாவி. பேரே நாமக்கோழி. வெள்ளை நாமத்தை மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் போட்டிருக்க." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து முடித்துவிட்டு, "இங்க பாரு, அவங்களே ஜோர்னு சொல்லியாச்சு. நான் வேற வெற்றி நிறம்னு அளந்து விட்டாச்சு. உங்க அண்ணன் காதுல விழுந்தா உன்னைப் பொத்தான் மெஷினோட சேர்த்துத் தைச்சுடுவார். பேசாம இரு. அதுதான் உனக்கு நல்லா வருமே" என்றாள்.

உண்மைதான். அது அவளுக்கு நன்றாக வரும். வடிகால் கோழிக்கும் வரும். நாய் வந்தால் அது பறக்காது, கத்தாது. சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிடும். காலால் அடியிலிருக்கும் தண்டைப் பிடித்துக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாய் அந்த இடத்தையே பார்த்துவிட்டுப் போய்விடும். ஜன்னலிலிருந்து கோட்டான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "கெட்டிக்காரி" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம் தாங்கியிருப்பாள். ஆனால் மூன்றாம் நாள் பயிற்சியாளரின் போன் வந்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை போட்டிம்மா. ஏழு ஊர்க் குழு வருது. எங்க பிள்ளைங்க எல்லாம் நெத்தியில சிவப்புப் பூசிக்கிட்டுத்தான் போவோம்னு நிக்குதுங்க. வெற்றி நிறமாம்ல. ஜெர்க்கின்ல இருக்கற அதே சிவப்பா வேணுமாம். அது என்ன சிவப்புன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அண்ணியின் கத்தரி பாதித் துணியில் நின்றது. "பார்த்துச் சொல்றேன் சார்" என்று போனை வைத்தாள்.

கோட்டானுக்குக் கண்ணில் தெரிந்தது: ஏழு ஊர்க்காரர்கள், எல்லோரும் நீர்த்தேக்கத்தில் நீந்துகிறவர்கள், எல்லோருக்கும் நாமக்கோழி தெரியும். அவர்கள் நடுவில் அந்தப் பிள்ளைகள், நெற்றியில் வேறு கோழியின் சிவப்பைப் பூசிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஜெர்க்கினைக் கழற்றிவிடலாம். நெற்றியை என்ன செய்வது?

எழுந்து அண்ணனிடம் போனாள். அவன் பாபின் மாற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்தப் பறவை எனக்குத் தெரியாது."

"எந்தப் பறவை?"

எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் பாபினைப் போட்டு, நூலை இழுத்து, மூடியைச் சாத்திவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"தெரியும்னு தலையாட்டினியே?"

"ஆட்டினேன்."

"நீயே போய்ச் சொல்லு."

"நான் வரலைப்பா. வெற்றி நிறம்னு சொன்ன வாயை எடுத்துக்கிட்டு எந்த முகத்தோட போறது?" என்றாள் அண்ணி மேஜையிலிருந்து.

போவதற்கு முன்னால் கோட்டான் ஒரு வேலை செய்தாள். மாதிரிக்கு ஓட்டிப் பார்த்த துண்டுத் துணியில் ஒரு கோழி மிச்சமிருந்தது. வடிகால் கோழியின் பேர் தாழைக்கோழி, அப்போது அவளுக்கு அது தெரியாது. அதை நாமக்கோழியாக்க முடியுமா என்று பார்த்தாள். சிவப்புக்கு மேல் வெள்ளையை ஓட்டினால் திட்டாகத் தடித்து ஊசி முறிந்தது. சிவப்பை முழுக்கப் பிரித்துவிட்டு வெள்ளை ஃபெல்ட் துணித் துண்டை வைத்துத் தைத்தால் அழகாக உட்கார்ந்தது. விலாக் கோட்டைப் பிரித்து அந்த இடத்தில் கறுப்பை ஓட்டலாம். விரல்களின் இரு பக்கமும் மடல் சேர்க்கலாம். சேர்ப்பது சுலபம், குறைப்பதுதான் கஷ்டம். வால்தான் இடித்தது. வாலை வெட்ட முடியாது. முதுகைக் கொஞ்சம் உயர்த்தினால் வால் தானாகத் தாழ்ந்ததுபோல் தெரியும். ஆனால் அதற்கு மட்டும் ஒரு ஜெர்க்கினுக்கு அரை நாளாகும்.

பஸ் பிடித்து நீர்த்தேக்கத்துக்குப் போனபோது பிள்ளைகள் நனைந்த தலையோடு ஜெர்க்கினை மாட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள். பயிற்சியாளர், "வாம்மா, சிவப்பு கொண்டு வந்தியா?" என்றார்.

கோட்டான் துண்டுத் துணியை நீட்டினாள்.

"சார், நான் வரைஞ்சது உங்க கோழி இல்ல. எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கற கோழி. வெற்றி நிறம் எல்லாம் இல்ல. தப்பு."

பன்னும் கையுமாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

நெட்டைதான் துணியை வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் மாற்றாத காலும் வாலும், ஒரு பக்கம் ஒட்டவைத்த வெள்ளை நெற்றி. "அய்யய்ய, இது தாழைக்கோழி! அந்தக் கோரைப் பக்கம் ரெண்டு இருக்குமே, ஆளைக் கண்டா ஓடிடும், அது. நான் பார்த்தப்பவே நினைச்சேன்!"

"நினைச்சவ ஏன்டி சொல்லல? நெத்தியில பூசப் பெயின்ட் வாங்கலாம்னு சொன்னதே நீதான்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"டிசைன்னு சொன்னாங்கடா!"

"ரெண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ரெண்டும் கறுப்புக் கோழிதானே?" என்றாள் இன்னொருத்தி.

அதைக் கேட்டதும் கோட்டானுக்குக் கூச்சம் மறந்துபோனது. "எப்படி ஒண்ணாகும்? உங்கது நடுத்தண்ணில இருக்கும், எங்கது ஓரம். உங்கதுக்கு விரல்ல மடல் இருக்கு, அதான் அந்தத் தள்ளு தள்ளுது. எங்கதுக்கு வெறும் விரல், சேத்துல அமுங்காம நடக்கறதுக்கு. உங்கது எப்பவும் கூட்டம், எப்பவும் சண்டை. எங்கது வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டிட்டுக் கோரைக்குள்ள போயிடும்."

"முங்குமா?"

"முங்கும். பயந்தா முங்கும். மூக்கை மட்டும் வெளிய வச்சுக்கிட்டு அப்படியே ஒளிஞ்சு நிக்கும். உங்கது சாப்பிட முங்குது. அடி வரைக்கும் போய்ப் பாசியைப் பிடுங்கிட்டு வருது."

"சார், நம்ம குழுவுல ஒரு தாழைக்கோழி இருக்கு சார். விசில் அடிச்சதும் ஓரமாப் போய் மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குதே!" என்றான் ஒருவன். யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பையன் மேல் மிச்ச பன்கள் பறந்தன.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "போட்டிக்கு நாலு நாள் இருக்கு. இதை இப்ப வந்து சொல்ற."

"நெத்தியும், கோடும், காலும் சனிக்கிழமைக்குள்ள மாத்திடலாம் சார். வால் முடியாது. வால் அப்படியேதான் இருக்கும்."

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லவேளை பெயின்ட் வாங்கவில்லை என்றும் சொன்னார், இனி உங்களிடம் தைக்கக் கொடுப்பேனா என்று தெரியாது என்றும் சொன்னார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "கழட்டுங்க" என்றார்.

அந்த மூன்று நாளும் பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. கோட்டான் சிவப்பைப் பிரித்தாள், அண்ணி ஃபெல்ட்டை வெட்டினாள், அண்ணன் காலுக்கு மடல் ஓட்டினான். அண்ணியின் விரல் நுனியெல்லாம் சிவப்பு நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. "வெற்றி நிறம், வெற்றி நிறம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊதித் தள்ளினாள். சனிக்கிழமை மாலை மூட்டை போய்ச் சேர்ந்தது: நாமக்கோழியின் நெற்றி, நாமக்கோழியின் கால், தாழைக்கோழியின் வால்.

போட்டியில் அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். தன் ஜெர்க்கினின் அளவைச் சரிசெய்துகொள்ள வந்த நெட்டைதான் சொன்னாள். "எதிர்க் குழுல ஒருத்தன் கேட்டான்க்கா, உங்க கோழி ஏன் வாலைத் தூக்கிக்கிட்டு இருக்குன்னு. தண்ணி ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லிட்டேன்."

கோட்டான் சிரித்தாள். அவள் பொத்தான் மெஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை மாலையே தானாக வந்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் போகச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. பேச்சு பேச்சுதான்.

வாரங்கள் போயின. ஒரு நாள் காலை அண்ணன் ஒரு தாளோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு ரொட்டிக் கடைக்காரர், தன் ஆட்களின் ஏப்ரனில் கோதுமைக் கதிர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் தாளை மெஷினின் மேல் வைத்தான். வெற்றுத் தாள்.

"கோதுமைக் கதிர் தெரியுமா உனக்கு?"

எத்தனையோ மாவுப் பையில் அவள் படம் பார்த்திருக்கிறாள். தலை தானாக அசையப் பார்த்தது. கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"தெரியாது."

பொத்தான் மெஷினின் ஸ்விட்சை அண்ணனே அணைத்தான். அறையின் அந்தக் கோடியில் அண்ணி கத்தரியை வைத்துவிட்டு, "நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.